திசு சொல்லும் செய்தி: புராஸ்டேட் புற்றுநோயின் போக்கைப் புரதங்கள் முன்கூட்டிக் காட்டுமா?

புராஸ்டேட் சுரப்பியின் திசுப் பரிசோதனை அறிக்கையுடன் எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். ‘புற்றுநோய்தானா?’ என்பது முதற்கேள்வி. அதற்கான விடை அறிக்கையின் கடைசி வரியிலேயே இருக்கும். ‘இது பரவுமா, ஐயா? எத்தனை நாளில்?’ என்பது இரண்டாவது. இதற்கு விடை கூறுவது அத்தனை எளிதன்று. ஒரே வயதினர், ஒரே பி.எஸ்.ஏ. அளவினர், நுண்ணோக்கியில் ஒரே தோற்றம் உடைய நோயினர் இருவருள் ஒருவர் 15 ஆண்டுகள் கழித்தும் வயல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவருக்கு மூன்றாம் ஆண்டிலேயே எலும்பில் நோய் தெரியும். இவ்விருவரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிய முடியுமா என்பதே கடந்த 40 ஆண்டுகளாக உலகெங்கும் திசு ஆய்வாளர்களை உழைக்க வைத்திருக்கும் வினா.

அண்மைக் காலமாக வெளியூர் ஆய்வகங்களிலிருந்து வரும் அறிக்கைகளில் ‘கி-67 இவ்வளவு விழுக்காடு’, ‘பி.டென் இழப்பு உள்ளது’, ‘எர்க் நேர்மறை’ போன்ற வரிகள் இடம்பெறுகின்றன. அவற்றைப் படித்துவிட்டு உறக்கமின்றி வருவோர் உண்டு. அவ்வரிகளின் பொருள் என்ன, அவை எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. புராஸ்டேட் புற்றுநோய் அனைத்தும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் என்னும் பெரும் ஆய்வில், பி.எஸ்.ஏ. பரிசோதனை வழியாகத் தொடக்க நிலையிலேயே நோய் கண்டறியப்பட்ட 1,643 ஆண்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அறுவை, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு, மூன்றாம் பிரிவினருக்குக் கண்காணிப்பு மட்டும். 15 ஆண்டுகளுக்குப் பின், 2023இல் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. மூன்று பிரிவையும் சேர்த்து இந்நோயால் இறந்தவர் 45 பேர், அதாவது 2.7 விழுக்காடு. பிரிவுகளுக்கிடையே இறப்பில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நோய் வேறிடங்களுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 விழுக்காட்டினருக்கு, அறுவைப் பிரிவில் 4.7, கதிர்வீச்சுப் பிரிவில் 5.0 விழுக்காட்டினருக்கு.

இவ்வெண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். கண்காணிப்பில் இருந்த நூற்றுவரில் 90 பேருக்கு மேல் அறுவையோ கதிர்வீச்சோ உடனே செய்யாமலேயே 15 ஆண்டுகள் வரை நோய் பரவவில்லை. அவர்களுள் காலப்போக்கில் சிகிச்சை பெற்றோரும் உண்டு என்பதைச் சேர்த்தே இதைக் கருத வேண்டும். ஆனால் அந்த ஒன்பது பேர் யார் என்பது முதல் நாளிலேயே தெரிந்திருந்தால், அவர்களை மட்டும் பிரித்து உடனே சிகிச்சை அளித்திருக்கலாம். ஏனையோரைச் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு போன்ற பின்விளைவுகளிலிருந்து காத்திருக்கலாம். திசுப் புரதங்களைத் தேடும் முயற்சியின் பின்னால் இருக்கும் நோக்கம் இதுவே.

நுண்ணோக்கியின் கண்

திசுவைப் பார்த்து நோயின் போக்கைக் கணிக்கும் முதல் வெற்றிகரமான வழி 1966இல் வந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய டொனால்ட் கிளீசன் என்னும் திசுநோயியல் மருத்துவர், புற்று உயிரணுக்கள் சுரப்பி வடிவத்தை எந்த அளவுக்குக் காத்துக்கொண்டிருக்கின்றன, எந்த அளவுக்கு இழந்துவிட்டன என்பதை 1 முதல் 5 வரை எண்ணிட்டார். திசுவில் மிகுதியாகக் காணப்படும் இரண்டு அமைப்புகளின் எண்களைக் கூட்டினால் கிளீசன் மதிப்பெண் கிடைக்கும். 3+3, 4+3 என்று அறிக்கையில் தாங்கள் காண்பது இதுவே. இப்போது அதனை ஐந்து தரக் குழுக்களாகச் சுருக்கியுள்ளனர்: 3+3 முதற்குழு, 3+4 இரண்டாம் குழு, 4+3 மூன்றாம் குழு, மொத்தம் 8 எனில் நான்காம் குழு, 9, 10 எனில் ஐந்தாம் குழு. 3+4, 4+3 இரண்டும் ஏழுதானே என்று கேட்போர் உண்டு. எது முதலில் நிற்கிறதோ அதுவே திசுவில் மிகுதி. ஆகவே 4+3 சற்றுக் கடுமையானது.

60 ஆண்டுகள் ஆகியும் கிளீசனின் முறையை வெல்லும் ஒற்றைப் பரிசோதனை வரவில்லை என்பது எங்கள் கருத்து. சாயமேற்றிய திசுவும், நல்ல நுண்ணோக்கியும், பழகிய கண்ணும் போதும். இருப்பினும் அதற்கும் எல்லை உண்டு. வடிவம் கெடாத உயிரணுவின் உள்ளே நிகழும் மாற்றத்தை அது காட்டாது. அதற்குத்தான் புரதங்களை நாட வேண்டியுள்ளது.

உயிரணுவின் வேலைகளைச் செய்பவை புரதங்கள். உயிரணு பிரிவதும், அண்டை உயிரணுவோடு ஒட்டி நிற்பதும், பழுதுற்றால் தன்னைத் தானே அழித்துக்கொள்வதும் அவற்றின் வேலையே. புற்றுநோய் முற்றும்போது சில புரதங்கள் மிகுகின்றன, சில மறைகின்றன. இம்மாற்றத்தைத் திசுவில் நேரே பார்ப்பதற்கான முறைக்கு இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்று பெயர். ஆய்வகத்தில் ஐ.எச்.சி. என்று சுருக்கமாக அழைப்போம்.

அம்முறையைச் சற்று விரிவாகக் கூறுகிறோம். ஏனெனில் இதன் வெற்றி தோல்வியில் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. ஊசியால் எடுக்கப்படும் திசு நூல் போன்றது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பு, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். பொதுவாக இத்தகைய 12 இழைகளை எடுக்கிறோம். அவை ஃபார்மலின் கரைசலில் ஊறிப் பதமான பின், மெழுகில் பதிக்கப்பட்டுக் கட்டியாகின்றன. இதனை ‘பிளாக்’ என்கிறோம். அக்கட்டியிலிருந்து நான்கு மைக்ரான் கனமுள்ள, அதாவது தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கினும் குறைந்த, சீவல்கள் சீவப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படுகின்றன. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும். ஆனால் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து மறைத்தும்விடும். அப்பிணைப்பை நெகிழ்த்தத் தகட்டைத் தகுந்த கரைசலில் இட்டுச் சூடேற்ற வேண்டும் என்பது 1991இல் கண்டறியப்பட்டது. பல ஆய்வகங்கள் இதற்கு இன்றும் சமையலறைப் பிரஷர் குக்கரைப் போன்ற கலத்தையே பயன்படுத்துகின்றன. அதன்பின், தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தகட்டின்மேல் இடுவர். அது பற்றிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் தோன்றும்படி வேதிவினை செய்யப்படும். மீதியெல்லாம் நீலமாகவும், புரதம் உள்ள இடம் முந்திரிக்கொட்டைத் தோலின் பழுப்பாகவும் தெரியும்.

இப்பழுப்பு எதற்குப் பயன்படுகிறது என்பதில் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். சில புரதங்கள் ‘புற்றா, இல்லையா’ என்ற ஐயத்தைத் தீர்க்கின்றன. இயல்பான புராஸ்டேட் சுரப்பியைச் சுற்றி அடித்தள உயிரணுக்களின் வரிசை ஒன்று உண்டு. புற்றில் அது மறைந்துவிடும். பி63 என்னும் புரதம் அவ்வரிசையைக் காட்டும். ஏ.எம்.ஏ.சி.ஆர். என்னும் நொதி புற்று உயிரணுவில் மிகும். ‘ஐயம் உள்ளது, ஐ.எச்.சி. தேவை’ என்று ஆய்வகம் எழுதினால் பெரும்பாலும் இவற்றையே குறிக்கிறது. இது நோயைக் கண்டறிவதற்கான பரிசோதனை. நோயின் எதிர்காலத்தைக் கணிப்பது வேறு; இக்கட்டுரை அதைப் பற்றியது.

மிச்சிகனில் ஒரு தேடல்

எதிர்காலத்தைக் காட்டும் புரதங்களைத் தேடிய வரலாற்றில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குத் தனியிடம் உண்டு. அருள் சின்னையன் தலைமையிலான ஆய்வுக் குழு அங்கே இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நம் பக்கத்துப் பெயர் என்று வாசகர்கள் கண்டுகொள்வார்கள். 2001இல் அக்குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் சரவணன் மோகன் தனசேகரன். புராஸ்டேட் புற்றில் ஹெப்சின், பிம்-1 ஆகிய புரதங்களின் அளவுக்கும் நோயின் போக்குக்கும் தொடர்புண்டு என்று அக்கட்டுரை காட்டியது. அடுத்த ஆண்டு, சூர்யநாராயண வரம்பள்ளியை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கட்டுரை இன்னும் பெரிய தாக்கத்தை உண்டாக்கியது. அதன் நாயகன் இ.இசட்.எச்.2 என்னும் புரதம்.

இ.இசட்.எச்.2 ஓர் அடக்கும் நொதி. மரபணு இழை சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரத உருளையில் அது ஒரு வேதிக் குறியை இடும். குறியிட்ட பகுதியில் உள்ள மரபணுக்கள் ஊமையாகிவிடும். கட்டுப்பாட்டைக் காக்கும் மரபணுக்கள் இவ்வாறு வாயடைக்கப்பட்டால் உயிரணு தறிகெட்டு வளர்கிறது. இயல்பான சுரப்பியில் இப்புரதம் மிகக் குறைவு. சுரப்பிக்குள் அடங்கிய புற்றில் சிலருக்கு மிகுதி. பரவிய நோயில் மிக மிகுதி. சுரப்பிக்குள் அடங்கியிருந்தபோதே இப்புரதம் மிகுந்திருந்தோருக்கு அறுவைக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

இவ்வாய்வுகள் எப்படிச் சாத்தியமாயின? ஒன்று, 1998இல் அறிமுகமான திசு நுண்ணணி முறை. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் மெழுகுக் கட்டிகளிலிருந்து அரை மில்லிமீட்டர் சற்றே மிகுந்த சிறு துணுக்குகளைத் துளைத்தெடுத்து, வயலில் நாற்று நடுவது போல் வரிசை வரிசையாக ஒரே கட்டியில் நட்டுவிடுவர். ஒரு தகட்டைச் சாயமேற்றினால் அத்தனை பேரின் திசுவையும் ஒரே நாளில் ஒப்பிடலாம். மற்றொன்று, பரவிய நோயின் திசு. அது கிடைப்பது அரிது. எலும்பிலும் கல்லீரலிலும் பரவிய நோயை யாரும் அறுத்தெடுப்பதில்லை. மிச்சிகனில், முற்றிய நோயினர் சிலர் தாம் உயிரோடிருக்கும்போதே இசைவளித்தனர். இறந்த சில மணி நேரத்திற்குள் அவர்கள் உடலிலிருந்து திசு எடுக்கப்பட்டது. இன்று எந்த நாட்டு மருத்துவரும் இ.இசட்.எச்.2 பற்றிப் பேசுவது அவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அளித்த அவ்விசைவினால்தான்.

2003இல் அதே குழு இன்னும் ஒரு படி சென்றது. இ-காட்ஹெரின் என்பது உயிரணுக்களை ஒட்டவைக்கும் பசை போன்ற புரதம். இ.இசட்.எச்.2 மிகுந்தும் இ-காட்ஹெரின் குறைந்தும் இருக்கும் சேர்க்கையே நோய் திரும்புவதை நன்கு காட்டுகிறது என்றது அவ்வாய்வு. அடங்காத வேகமும் அறுந்த பிணைப்பும் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து என்பது பொருத்தமாகவே படுகிறது.

அப்படியாயின் நம் மருத்துவமனையில் எல்லோருக்கும் ஏன் இ.இசட்.எச்.2 பார்ப்பதில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எதிர்ப்பொருள் மாறுகிறது; ஃபார்மலினில் ஊறிய நேரம் மாறுகிறது; ‘மிகுதி’ என்பதற்கான எல்லைக்கோடு மாறுகிறது. ஓரிடத்தில் சிறப்பாகத் தோன்றிய முடிவு பிறிதோரிடத்தில் அதே அளவுக்கு நிற்பதில்லை. மேலும், ‘நோய் திரும்பியது’ என்று பெரும்பாலான ஆய்வுகள் கூறுவது பி.எஸ்.ஏ. மீண்டும் உயர்ந்ததைத்தான். பி.எஸ்.ஏ. உயர்ந்தோர் அனைவரும் அந்நோயால் இறப்பதில்லை. ஆயினும் அவ்வுழைப்பு வீண் போகவில்லை. இ.இசட்.எச்.2 நொதியை அடக்கும் டாசெமெட்டோஸ்டாட் என்னும் மருந்து வேறு சில புற்றுநோய்களுக்காக 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வகை மருந்துகள் புராஸ்டேட் புற்றிலும் சோதிக்கப்படுகின்றன. முன்கணிப்புக்காகத் தேடிய புரதம் மருந்தின் இலக்காக மாறியது.

அறிக்கையில் தாங்கள் காணக்கூடிய பெயர்கள்

கி-67: ஜெர்மனியின் கீல் நகரில் 1983இல் கண்டறியப்பட்டது. ஊரின் பெயரும், ஆய்வுத் தட்டில் அது இருந்த குழியின் எண்ணும் சேர்ந்து இப்பெயர் ஆயிற்று. பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுவில் மட்டுமே இது இருக்கும். ஓய்விலிருக்கும் உயிரணுவில் இராது. ஆகவே நூறு புற்று உயிரணுக்களில் எத்தனை பழுப்பாக உள்ளன என்று எண்ணினால் வளர்ச்சியின் வேகம் ஓரளவு தெரியும். மார்பகப் புற்றில் 20, 30 விழுக்காடு என்று கேள்விப்பட்டவர்கள் இங்கு 5 என்றால் குறைவு என்று எண்ணிவிடக்கூடாது. புராஸ்டேட் புற்று இயல்பாகவே மெதுவாகப் பிரிவது. கதிர்வீச்சும் ஹார்மோன் சிகிச்சையும் பெற்றோரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 2004இல், கி-67 7.1 விழுக்காட்டைத் தாண்டியோருக்கு நோய் பரவுவதும் இறப்பும் கூடுதலாக இருந்தன. எங்கள் பார்வையில், புரதங்களுள் ஆதாரம் வலுவாக உள்ளவற்றில் இது ஒன்று. இருந்தாலும் 6 விழுக்காடு, 8 விழுக்காடு என்ற எண்களைத் தராசில் நிறுத்த பொன்னைப் போல் கருத வேண்டாம். ஒரே தகட்டை இருவர் எண்ணினால் இரு எண் வரலாம்.

பி.டென்: இது ஒரு காவலன். உயிரணுவுக்குள் ‘வளர், வளர்’ என்று கட்டளையிடும் பாதை ஒன்றை இது அடைத்து வைக்கிறது. 1997இல் கண்டறியப்பட்ட இம்மரபணு இழக்கப்பட்டால் அப்பாதை திறந்துகொள்ளும். இங்குப் பழுப்பு நிறம் இருப்பது நல்லது; இல்லாமற்போவதே கவலைக்குரியது. அறிக்கையில் ‘எதிர்மறை’ என்ற சொல்லைக் கண்டு மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திக் கூறுகிறோம். ஊசித் திசுவில் கிளீசன் 3+3 என்று வந்தவரிடம் பி.டென் இழப்பும் இருந்தால், முழுச் சுரப்பியில் அதனினும் கடுமையான நோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். அத்தகையவரைக் கண்காணிப்பில் வைத்தாலும் நெருக்கமாகவே கண்காணிப்போம், எம்.ஆர்.ஐ. எடுத்து, மறுமுறை திசு எடுப்பதை முன்னதாக வைத்துக்கொள்வோம். முற்றிய நோயில் இவ்விழப்பு உள்ளோருக்கெனவே ஐபடாசெர்டிப் என்ற மருந்து சோதிக்கப்பட்டு, 2021இல் முடிவு வந்தது. நோய் முன்னேறாதிருந்த காலம் 16.5 மாதத்திலிருந்து 18.5 மாதமாக நீண்டது. இரண்டு மாதம். சிறிய ஆதாயம்தான், ஆனால் திசுப் புரதத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற வழி திறந்திருக்கிறது.

எர்க்: 2005இல் சின்னையன் குழுவே இதையும் வெளிக்கொணர்ந்தது. இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதால் எர்க் என்னும் புரதம் புராஸ்டேட் உயிரணுவில் மிகுகிறது. மேலை நாட்டாருக்கு ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், ஆசியரிடம் அதனினும் குறைவாகவும் காணப்படுகிறது. அரிய கண்டுபிடிப்பு, ஆனால் அறுவை செய்துகொண்டவர்களின் எதிர்காலத்தைக் கணிப்பதில் இது பெரிதும் உதவவில்லை. ஒரு செய்தி உண்மையாக இருப்பதும் ஒரு நோயாளிக்குப் பயன்படுவதும் வெவ்வேறு. ‘எர்க் நேர்மறை’ என்ற வரி தங்கள் அறிக்கையில் இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. எர்க் இல்லாத நோயினரில் சிலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் வேறொரு புரதம் மிகுகிறது. நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் புஷ்ரா அதீக் குழுவினர் இதனை ஆராய்ந்து வருகின்றனர்.

பி53 பற்றிச் சுருக்கமாக: உயிரணு திடமாகப் பழுப்பேறினால் அப்புரதம் பழுதுற்றிருக்கிறது என்று பொருள், முற்றிய நோயில் மிகுதியாகக் காணப்படுவது. எட்டுப் புரதங்களை ஒருசேர அளந்து மதிப்பெண் தரும் பரிசோதனை ஒன்று 2015இல் அமெரிக்காவில் வெளியானது. புரதத்தை விட்டு மரபணுச் செய்தியை அளக்கும் டெசிபர், புரோலாரிஸ், ஆன்கோடைப் ஆகியவையும் உண்டு. இவை விலை மிகுந்தவை. இவற்றின் முடிவால் சிகிச்சை மாறும் என்ற நிலை இருந்தாலன்றி, கடன் வாங்கி இவற்றைச் செய்துகொள்ளுமாறு நாங்கள் யாருக்கும் கூறுவதில்லை.

ஓர் ஊசியின் எல்லை

புரதப் பரிசோதனைகள் தடுமாறுவதற்கு இன்னொரு காரணம் இச்சுரப்பியின் இயல்பு. ஒரே சுரப்பியில் இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாகப் புற்று முளைக்கலாம். ஒன்றில் பி.டென் இருக்கும், பக்கத்தில் உள்ளதில் இராது. ஊசி எந்த இடத்தைத் தொட்டதோ அந்த இடத்தின் செய்தியே தகட்டில் கிடைக்கும். ஒரு கண்மாயில் நான்கு இடத்தில் ஆழம் பார்த்துவிட்டு மொத்தக் கண்மாயின் ஆழத்தையும் கூறுவது போன்றது இது. எம்.ஆர்.ஐ. படத்தில் ஐயத்திற்குரிய இடத்தைக் குறித்துக்கொண்டு அவ்விடத்தில் ஊசியிடும் முறை இக்குறையைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை.

ஆகவே, நாங்கள் ஒருவரின் நோயை மதிப்பிடும்போது கிளீசன் தரம், பி.எஸ்.ஏ. அளவு, விரல் பரிசோதனையில் உணர்ந்தது, எத்தனை இழைகளில் புற்று, எம்.ஆர்.ஐ. படம் ஆகியவற்றையே முதலில் அடுக்குகிறோம். இவற்றால் ‘குறைந்த இடர்’ என்றோ ‘உயர்ந்த இடர்’ என்றோ தெளிவாகத் தெரிந்தால் புரதப் பரிசோதனை எதையும் மாற்றப் போவதில்லை. இரண்டுக்கும் இடையில் நிற்பவர்களுக்கே அது உதவும்: 3+4 என்று வந்தவர், வயது 62, இதயம் நலமாக உள்ளது, அறுவையா கண்காணிப்பா என்று முடிவெடுக்க இயலாமல் குடும்பமே தயங்கும் நிலை. அங்கே கி-67 உயர்ந்தும் பி.டென் இழந்தும் இருந்தால் காத்திருக்க வேண்டாம் என்ற பக்கம் தராசு சாயும். இரண்டும் நல்லபடியாக இருந்தால் கண்காணிப்பில் துணிவு பிறக்கும். அதற்கு மேல் இப்புரதங்களிடம் கேட்கக் கூடாது.

நம் மாவட்டத்தின் நிலைமையையும் இங்கே கூறியாக வேண்டும். புரோடெக்ட் ஆய்வில் இருந்தவர்கள் நோய்க்குறி ஏதுமின்றி, இரத்தப் பரிசோதனையால் கண்டறியப்பட்டவர்கள். எங்களிடம் வருவோரில் பலர் அப்படிப்பட்டவர் அல்லர். சிறுநீர் முற்றிலும் அடைத்த பின்பு இரவில் அவசரமாக வருகிறார்கள். அல்லது ஆறு மாதமாக இடுப்புவலி என்று தைலம் தேய்த்து, கட்டுப்போட்டு, கால் மரத்துப்போன பின்பு வருகிறார்கள். நோய் முதுகெலும்பை எட்டிய நிலையில், முன்கணிப்புப் புரதத்தைத் தேடி நாட்களைக் கழிப்பது தவறு. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்நோய் பின்வாங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். ஊசி மருந்தாலோ, விதை நீக்கும் சிறு அறுவையாலோ அச்சிகிச்சையை உடனே தொடங்கலாம். கால் வலுவிழந்து வருபவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முன்கணிப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

50 வயதைக் கடந்த ஆண்கள், சிறுநீர் கழிப்பதில் புதிதாகத் தடை, இரவில் அடிக்கடி எழுதல், சிறுநீரில் இரத்தம், ஓய்விலும் தீராத இடுப்புவலி ஆகியவற்றுள் எது இருந்தாலும் காட்டிக்கொள்ள வேண்டும். ‘வயசானா அப்படித்தான்’ என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே வரலாம்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அவர் முயற்சியால் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்தில்தான் சென்னைப் பெருநகரின் புற்றுநோய்ப் பதிவேடு 1981 முதல் பேணப்பட்டு வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பதிவேட்டில் புராஸ்டேட் புற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வருகிறது. முதியோர் பெருகியதும், பரிசோதனை பெருகியதும் இதற்குக் காரணங்கள். இவ்வாறு எண்ணிப் பதிந்தவர்கள் இல்லையேல் நம் மக்களிடம் இந்நோய் எப்படி நடந்துகொள்கிறது என்று பேசவே நமக்கு அடிப்படை இராது. மேலே கூறிய புரத ஆய்வுகளில் பெரும்பான்மை மேலை நாட்டாரின் திசுவில் நடந்தவை. நம்மவர் திசுவில் எல்லைக்கோடு வேறாக இருக்கலாம்.

திசுவைக் காப்பது எப்படி

திசுவை எடுத்துச் செல்லும் பொறுப்பு பல நேரங்களில் குடும்பத்தாரிடம் வந்துவிடுகிறது. வெளியூரில் அறுவை செய்துகொண்டு, சிறு டப்பியைக் கையில் பிடித்தபடி திருச்சிக்கோ தஞ்சைக்கோ பேருந்தில் செல்லும் மகன்களையும் மருமகன்களையும் நாங்கள் அறிவோம். அந்த டப்பியில் திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். தண்ணீரோ, சலைன் நீரோ கூடாது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தார், வழியில் கெட்டுவிடுமே என்ற நல்லெண்ணத்தால் திசுவைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தனர். மீனுக்குப் பனிக்கட்டி சரி. திசு உறைந்தால் உயிரணுக்கள் வெடித்து, சாயம் ஏறாத நிலை உண்டாகும். ஃபார்மலினில் இட்ட டப்பியைச் சாதாரண அறை வெப்பத்தில் எடுத்துச் சென்றால் போதும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுச் செல்ல வேண்டாம்.

மிக விரைவாகவும் வேண்டாம்; மிகத் தாமதமாகவும் வேண்டாம். ஃபார்மலினில் ஆறு மணி நேரத்திற்குக் குறைந்தால் திசு பதமாகாது. மூன்று நாளைத் தாண்டினால் புரதங்கள் மிக இறுகிப் பழுப்பு நிறம் ஏறாமற்போகலாம். அப்போது ‘பி.டென் இழப்பு’ என்று பொய்யாகவும் தோன்றக்கூடும். சனிக்கிழமை எடுத்த திசுவைச் செவ்வாய் மாலை கொடுத்தால் நிகழ்வது இதுவே. எலும்பிலிருந்து எடுத்த திசுவானால் சுண்ணாம்பை நீக்க அமிலத்தில் ஊறவைக்க வேண்டியிருக்கும். அது புரதங்களைச் சிதைக்கக்கூடும் என்பதால், ‘பின்னால் ஐ.எச்.சி. தேவைப்படலாம்’ என்று விண்ணப்பத்தில் எழுதித் தருவோம். அத்தாளைத் தனியே பிரித்துவிடாமல் டப்பியோடு சேர்த்தே கொடுக்கவும்.

சிறுநீர் அடைப்புக்காக புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவையில் கிடைக்கும் துணுக்குகளையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ‘சாதாரண வீக்கம்தானே, எதற்கு வீண் செலவு?’ என்று கேட்போர் உண்டு. எதிர்பாராமல் அத்துணுக்குகளில் புற்று தென்படுவது எங்களுக்குப் புதிதன்று.

அறிக்கைத் தாள் தொலைந்தால் நகல் பெறலாம். மெழுகுக் கட்டி தொலைந்தால் மீண்டும் ஊசியிட நேரும். எனவே தங்கள் பிளாக் எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் உள்ளது என்பதைச் சிகிச்சைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும். ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பினால், அன்று வந்துள்ள புதிய எதிர்ப்பொருளை இன்றைய கட்டியிலேயே சோதித்துப் பார்க்க முடியும். வேறு மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்க விரும்பினால் தாராளமாகக் கேட்கலாம். திசுநோயியல் பிரிவில் எழுத்து வழி விண்ணப்பித்துக் கட்டியையோ, சாயமேற்றாத தகடுகளையோ பெற்றுச் செல்லவும். பெற்றவரின் பெயரும் உறவும் பதிவேட்டில் குறிக்கப்படும். கட்டியை மெல்லிய தாளில் சுற்றிச் சிறு பெட்டியில் வைத்து, சூடு படாமல் எடுத்துச் செல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மெழுகு உருகும். வேலை முடிந்ததும் அதே பிரிவில் திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளவும். வெளியூர் ஆய்வகத்தில் ஐ.எச்.சி. செய்யப் பணம் கட்டும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது அடங்குமா என்று நம் காப்பீட்டுப் பிரிவில் குடும்ப அட்டையுடன் வந்து விசாரித்துக்கொள்ளலாம்.